சூடு தெரியாத தோல்

போன மாதம் மார்சிலிங்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளக் கடை வரிசையில் புதிதாக ஓர் அழகு நிலையம் திறந்தார்கள். கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்தில் ‘லிம்ஃபாட்டிக் டிரெய்னேஜ்’ என்று ஒட்டியிருந்தது. வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும், அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணியின் கால்கள் இரண்டையும் காற்றடைத்த பூட்ஸ் போன்ற ஒன்றுக்குள் நுழைத்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, வேலைக்காரப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கையில் இன்னொருத்தி மரக்கட்டையை வைத்து யாருடைய தொடையையோ சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “ஆன்ட்டி, ட்ரை பண்ணிப் பாருங்க லா, நல்லா ஸ்ட்ராங்கா அமுக்குவோம்” என்றாள் வாசலில் நின்ற தமிழ்ப் பெண். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கடையில் வியாபாரம் நடந்திருக்காது.

நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் பெண்கள் சிலர், “அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்க” என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். எழுத்து எனக்கு வராது என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். அந்த மரக்கட்டையைப் பார்த்த பிறகு, வருகிறதோ இல்லையோ எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அமுக்குவது என்ற பேச்சே இந்த வேலையில் கிடையாது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் தவிர இன்னொரு குழாய்க் கூட்டம் இருக்கிறது. அதில் ஓடுவது நிறமில்லாத நிணநீர், ஆங்கிலத்தில் லிம்ஃப். அறுவை சிகிச்சையில் அந்தக் குழாய்கள் அறுபட்டால் நீர் போக வழி தெரியாமல் அங்கேயே தேங்கி, அந்த இடம் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். தேங்கிய நீரை, அறுபடாத வேறு வழியாகத் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் வேலை. அந்தக் குழாய்கள் தோலை ஒட்டியே இருப்பவை. பலமாக அமுக்கினால் நசுங்கி மூடிக்கொள்ளும். அதனால் கை மிக மிக லேசாக விழ வேண்டும். எண்ணெய் கூடாது. கை தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோல் கையோடு சேர்ந்து நகர வேண்டும். அவ்வளவுதான் ரகசியம், ஆனால் அது கைக்கு வர எனக்கு மாதக் கணக்கானது.

எழுபதுகளில், பள்ளிப் படிப்பு முடிந்ததும், ஓர் அரசாங்க மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது நாங்கள் தேக்காவில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். என் உடுப்பில் எப்போதும் மிளகாய்த்தூள் வாசனை இருக்கும். நோயாளிகள் தும்முவார்கள். எங்கள் பிரிவின் தலைவி மிஸ் சுவா ஐரோப்பாவுக்குப் போய் இந்த முறையைக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். புற்றுநோயால் மார்பை எடுத்த பெண்களுக்குக் கை யானைத் தும்பிக்கை மாதிரி வீங்கிவிடும். அந்த வீக்கத்தை வடிக்கத்தான் அவர் எங்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்.

மிஸ் சுவா ஒல்லியாக, உயரமாக, எப்போதும் இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை உடுப்பில் இருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாங்கள் குனிந்து காது கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும். பயிற்சியின்போது கேன்டீனிலிருந்து ஒரு கிண்ணம் தாவ்ஹுவே வாங்கி வரச் சொல்வார். சோயாப்பாலில் செய்யும் அந்தத் தயிர் போன்ற பண்டத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் விரல்களை வைத்து வட்டமாக நகர்த்தச் சொல்வார். தாள் நகர வேண்டும், தாவ்ஹுவே உடையக் கூடாது. நான் முதல் வாரம் முழுவதும் கிண்ணம் கிண்ணமாக உடைத்தேன். “யூ ஆர் நாட் மேக்கிங் சப்பாத்தி லா, பிலோ” என்பார், பிலோமினா என்ற என் பெயரைச் சுருக்கி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். உடைந்ததையெல்லாம் சீனிப்பாகு ஊற்றி நானே தின்ன வேண்டும் என்பது தண்டனை. இன்றைக்கும் தாவ்ஹுவேயைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

அவர் போட்ட இன்னொரு சட்டம், “வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்காதே.” எனக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. ஏன் என்று கேட்டேன். கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்காக இல்லை என்பார்கள், மீதிப் பேர் பயத்தில் ஆமாம் என்பார்கள், இரண்டுமே உனக்கு உதவாது என்றார். மூச்சைப் பார், கட்டைவிரல் மடங்குகிறதா பார், தோலின் நிறத்தைப் பார், அதற்கும் மேல் தெரிய வேண்டுமென்றால் என்ன தெரிகிறது என்று கேள். “வலிக்கிறதா” என்பதற்கும் “என்ன தெரிகிறது” என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மிஸ் சுவா அரசாங்க வேலையை விட்டு, ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் அழகு அறுவை சிகிச்சை செய்யும் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தார். என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்கு மனமே இல்லை. புற்றுநோய்க்காரர்களைத் தொட்ட கையால், மூக்கு சப்பை, கன்னம் தொங்குகிறது என்று வருபவர்களைத் தொடுவதா என்று நினைத்தேன். நோயில்லாத உடம்பைக் கத்திக்குக் கொடுப்பவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. அதற்கு மேல் வீட்டில் வேறு ரகளை. அந்தக் காலத்தில் மசாஜ் என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வெளியே வந்தால், “பிலோமினா இப்ப எங்க வேலை செய்யுது?” என்று கேட்பவர்களிடம் என் அம்மா “டாக்டர்கிட்ட” என்று மட்டும் சொல்லிவிட்டு நடையை வேகமாக்குவார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், நான் என்ன வேலை செய்கிறேன் என்று நானே விளக்கிச் சொன்னதும், காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது. நல்லதாகப் போயிற்று. பின்னால் நான் கட்டிக்கொண்ட மனிதர், “எனக்கும் கால் வலிக்குது, பாக்குறியா?” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

அந்தக் கிளினிக்கில் என் எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வந்தவர்கள் முன்வாசலில் வர மாட்டார்கள். கார் நிறுத்தும் இடத்துப் படிக்கட்டில், கறுப்புக் கண்ணாடியும் முக்காடுமாக ஏறி வருவார்கள். முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்ட ஒரு சீன அம்மாள், கழுத்தெல்லாம் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், “ஐயம் ஓகே, ஐயம் ஓகே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மார்பை எடுத்த பெண்கள் வலித்தால் அழுவார்கள், திட்டுவார்கள், கடவுளிடம் சண்டை போடுவார்கள். இவர்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். தானாகப் போய்த் தேடிக்கொண்டதற்கு வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது என்ற வெட்கம். வலியில் எனக்குத் தெரிந்து அதுதான் மோசமான வகை. அதைப் புரிந்துகொண்ட பிறகு நான் யாரையும் ஏளனமாகப் பார்த்ததில்லை.

வசந்தா அப்படி வந்தவள்தான். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சிராங்கூன் சாலையில் ஒரு சேலைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். நான்கு பிள்ளைகள், அதில் கடைசி இரண்டு இரட்டை. அந்த இரட்டைப் பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தோல் சுருங்கவே இல்லை. சேலைக் கடையில் வாடிக்கையாளருக்குச் சேலையைத் தன் மேல் சுற்றிக் காட்ட வேண்டும். முந்தானையை எடுத்துப் போடும்போதே எதிரில் இருப்பவர்கள், “எத்தனாவது மாசம்மா?” என்று கேட்டுவிடுவார்களாம். “இல்லீங்க” என்று சொன்னால் கேட்டவர்களுக்குச் சங்கடம், சேலை வாங்காமல் போய்விடுவார்கள். அதனால், “அஞ்சாவது மாசம்க்கா” என்று பொய் சொல்லப் பழகிவிட்டாள். “வருஷக் கணக்கா எனக்கு அஞ்சாவது மாசம்தான்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

அவளுக்கு வயிற்றைக் குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டி, தொங்கும் தோலை எடுத்துவிட்டு, மேலே உள்ள தோலைக் கீழே இழுத்துத் தைப்பார்கள். தொப்புளுக்குப் புதிய துளை போட்டு உட்கார வைப்பார்கள். பெரிய காரியம். இந்த விஷயம் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கணவருக்கு மட்டும் தெரியும். மாமியாரிடம், கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையையே எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் மீனாட்சியம்மா அவர்களோடுதான் கிளமெண்டி வீட்டில் இருந்தார். நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு மருமகளை வேலைக்கு அனுப்பியவர் அவர்தான். “அழகுக்காக வயித்தக் கிழிச்சிக்கிட்டேன்னு அத்தைக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்க்கா” என்று வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்தது திட்டுக்கு அல்ல. மீனாட்சியம்மா அவளைத் திட்டியதே கிடையாதாம். அவர் முன்னால் தான் சின்னவளாகப் போய்விடுவோம் என்பதுதான் அவள் பயம்.

வெட்டிய வயிற்றோடு பஸ்ஸில் வர முடியாது என்பதால், நானே கிளமெண்டிக்குப் போய் வீக்கம் வடிக்க வேண்டும் என்று மிஸ் சுவா ஏற்பாடு செய்தார். கட்டு மாற்ற வரும் மிஸ்ஸி என்று நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். தாதியை, அதாவது நர்ஸை, பெரியவர்கள் அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தாதி இல்லை, அதைச் சொல்லி அங்கே ஒரு பயனும் இல்லை.

முதல் நாள் மீனாட்சியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குட்டையான, பருத்த கைகளுள்ள பெண்மணி. ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த பட்டையை நான் அவிழ்க்கவில்லை, மேலேயிருந்து ஆரம்பித்தேன். கழுத்தெலும்புக்கு மேலுள்ள குழியில் விரல்களை வைத்து மெதுவாக வட்டம் போட வேண்டும். உடம்பின் நிணநீர் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் வாசல் அதுதான். வாசலைத் திறக்காமல் உள்ளேயிருந்து நீரைத் தள்ளினால் எங்கே போகும்? பிறகு அக்குள். பிறகு விலாப்பக்கம். வழக்கமாக அடிவயிற்று நீர் தொடையிடுக்குக்குப் போகும். இவளுக்கு அந்தப் பாதையைக் கத்தி அறுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் மேல்நோக்கி அக்குளுக்குத் திருப்ப வேண்டும். கை ஒரு பக்கம் சாய்ந்து தோலை இழுக்கும், விடும்போது தோல் தானாகத் திரும்பும். அந்தத் திரும்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை லாயக்கில்லை.

மீனாட்சியம்மா ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“என்ன மிஸ்ஸி, பூனைக்குட்டியத் தடவுற மாதிரி தடவிக்கிட்டு இருக்கீங்க? இதுக்கா அவ்ளோ தூரத்திலேர்ந்து பஸ் புடிச்சி வந்தீங்க?”

“இப்படித்தாம்மா செய்யணும். பலமா செஞ்சா வீக்கம் ஏறும்.”

“சரி, செய்ங்க” என்றார், ஒரு குழந்தை மண்ணில் வீடு கட்டுவதைப் பார்ப்பது போல. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரித்துவிட்டேன். எழுந்து போய் எனக்குத் தேநீரும், வசந்தாவுக்கு விரால் மீன் சூப்பும் கொண்டு வந்தார். புண் ஆற விரால் மீன் கொடுப்பதில் இந்த ஊரில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற வேறுபாடே இல்லை.

அடுத்தடுத்துப் போனபோது வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. வசந்தாவும் கூனாமல் நடக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் பட்டையை அவிழ்த்து வயிற்றைப் பார்த்தேன். புதிய தொப்புளுக்கும் தையலுக்கும் நடுவில், இடது பக்கமாக, தோல் சிவந்து, கொப்புளம் உடைந்து, மத்தியில் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இது என்ன வசந்தா?”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கே அது புதிது. “தெரியலியேக்கா. வலிக்கவே இல்லையே.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மா, ஒரு துங்கு கொடுத்திருக்கிறார். துங்கு என்பது, பிள்ளை பெற்றவர்களின் வயிற்றில் உருட்டுவதற்காக மலாய்க்காரர்கள் சூடாக்கி, இலையிலும் துணியிலும் சுற்றி வைத்துக்கொள்ளும் வழவழப்பான கல். பூனைக்குட்டியைத் தடவுகிற மிஸ்ஸியின் கை மேல் நம்பிக்கை இல்லாத மீனாட்சியம்மா, நாம் ஒத்தடம் கொடுக்கும் உப்பு மூட்டையைவிட இது தேவலாம் என்று, தினமும் பட்டைக்கு மேலேயே வைத்து எடுத்திருக்கிறார். “சூடு பொறுக்குதாம்மா?” என்று கேட்டிருக்கிறார். “சூடே தெரியலியே அத்தை” என்று இவள் சொல்லியிருக்கிறாள். சரி, பட்டை தடுக்கிறது போல என்று அவர் பட்டையை அவிழ்த்துவிட்டு, வயிற்றைக் காட்டாமல் இவள் இழுத்துப் போட்டுக்கொண்ட கைலிக்கு மேலேயே வைத்திருக்கிறார். அப்போதும் தெரியவில்லை என்றதும் கல்லை இன்னும் காய்ச்சியிருக்கிறார்.

தெரியாதுதான். தோலை அடியிலிருந்து பிரித்து இழுத்துத் தைக்கும்போது உணர்வு நரம்புகளும் அறுபட்டுவிடும். மாதக் கணக்கில் அந்த இடம் மரத்தே கிடக்கும். அதனால்தான் ஒவ்வொருவரிடமும் சூடு வைக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவோம்.

“ஹாட் வாட்டர் பேக் வைக்கக் கூடாதுன்னு உனக்குச் சொன்னோமா இல்லையா?”

“சொன்னீங்க. இது கல்லுதானேக்கா” என்றாள்.

என்ன சொல்ல! பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று மாமியார் கேட்டால் சொல்வதற்குத்தான் அவளிடம் எதுவும் இல்லை. கர்ப்பப்பை எடுத்த வயிற்றுக்குச் சூடு ஏன் ஆகாது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவள் படுத்தே இருந்திருக்கிறாள்.

டாக்ஸி பிடித்து அவளைக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். மீனாட்சியம்மாவிடம் தையல் பிரிக்க என்று சொன்னோம். டாக்டர் பார்த்தார். வெள்ளையாக இருக்கும் இடம் கறுத்து உள்ளே ஆழமாகப் போனால், அந்தத் தோலை வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன பிறகு வசந்தா என்னிடமும் மிஸ் சுவாவிடமும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாமல் புண்ணாகிவிட்டது என்று அத்தையிடம் சொல்லிவிட வேண்டும். கல்லால் ஆனது என்று சொல்லவே கூடாது. “எம் புள்ளைங்களக் குளிப்பாட்டி விட்ட கைக்கா அது. சுட்டது அந்தக் கைதான்னு தெரிஞ்சா அவங்க அப்புறம் யாரையும் தொட மாட்டாங்க.”

முதலில் தன் ரகசியத்துக்காகப் பயந்தவள், இப்போது மாமியாருக்காகப் பயந்தாள். வெளியே வந்து மிஸ் சுவாவிடம், நான் போய் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி கல்லைக் காய்ச்சுவார் என்றேன். மிஸ் சுவாவின் குரல் மிகவும் மெதுவாகிவிட்டது. “சூடு வைக்கக் கூடாது என்பது நம்முடைய விஷயம். அதைச் சொல். அவளுக்கு என்ன ஆபரேஷன் என்பது அவளுடைய விஷயம். அதை அவள் சொல்லச் சொன்னால் மட்டும் சொல். பொய்யும் சொல்லாதே.” இப்படிச் சுலபமாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். கிளமெண்டிக்குப் போக வேண்டியவள் நான்தானே!

புண் ஆறிவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெதுவாக, அசிங்கமான ஒரு தழும்பை விட்டுவிட்டு ஆறியது, வெட்டி ஒட்ட வேண்டி வரவில்லை. ஆனால் நான் அடுத்துப் போன நாளில் அது எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு மீனாட்சியம்மாவிடம் வாசலிலேயே, “அம்மா, சூடு எதுவும் வைக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்” என்று சொன்னேன். “ஏன்?” என்றார். “புண்ணு ஆறல” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். வசந்தாவின் கட்டைப் பிரித்து, மீதி வயிற்றைத் துணியால் மூடி, மருந்து போடுவதற்காகப் புண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தேன். கதவைத் தாழிட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சூப்புக் கிண்ணத்தோடு மீனாட்சியம்மா உள்ளே வந்துவிட்டார்.

பிளாஸ்திரி என்று சொல்ல நான் விரும்பியிருந்தாலும் முடிந்திருக்காது. அந்தப் புண் அந்தக் கல்லின் அளவிலேயே, கல்லின் வடிவத்திலேயே இருந்தது. தினமும் அந்தக் கல்லைக் கையில் எடுத்தவருக்கு அடையாளம் தெரியாதா? கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார். சிந்தாமல்தான் வைத்தார். திரும்பி வெளியே போய்விட்டார்.

கட்டைப் போட்டுவிட்டு அவரைத் தேடிப் போனேன். வீட்டு வாசலுக்கு வெளியே, பொது நடைவழியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள்.

“மிஸ்ஸி, நான் ஒன்னு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. கல்லு வைக்கிறப்பல்லாம் நான் கேட்டேன். வலிக்கல அத்தைன்னு சொன்னா. சூடே தெரியலன்னு சொன்னா. அவளுக்கு நெசமாவே தெரியலியா, இல்ல எனக்காகப் பொறுத்துக்கிட்டுக் கெடந்தாளா?”

அலமாரியிலிருந்து சரிந்து கிடந்த ஒரு செருப்பை எடுத்து மேலே வைத்தேன்.

“அவ அப்படிப்பட்டவ மிஸ்ஸி. நான் சோத்துல உப்ப அள்ளிக் கொட்டியிருந்தாலும் நல்லாருக்கு அத்தைன்னு சாப்புடுவா. இத்தன வருஷத்துல என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. கல்லுச் சூட்டுலயும் அப்படியே கெடந்தாளா?”

இல்லை அம்மா, அந்தத் தோலுக்கு உணர்ச்சியே கிடையாது என்று சொன்னால் அவர் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிவிடும். ஆனால் கர்ப்பப்பையை எடுத்தால் வெளித்தோல் இப்படி மரத்துப் போகுமா என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் வசந்தாவின் ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால், மருமகள் துடித்துக்கொண்டு பல்லைக் கடித்திருந்தாள், நான் மேலே மேலே சுட்டேன் என்ற நினைப்போடுதான் இந்த மனுஷி சாகும்வரை இருப்பார். என் வேலையில் எத்தனையோ சிக்கலைப் பார்த்திருக்கிறேன். அந்த நடைவழியில் உட்கார்ந்திருந்த சில நிமிடங்களைப் போல எதுவும் என்னை வாட்டியதில்லை.

“இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வசந்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் கேட்டதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். என்ன செய்யலாம் என்று யோசனை சொல்லவில்லை. அது என்னுடைய விஷயம் அல்ல.

அவள் மெதுவாகத் திரும்பி மல்லாந்து படுத்தாள். பிறகு, “அவங்கள வரச் சொல்லுங்கக்கா. வந்ததும் கதவச் சாத்திடுங்க” என்றாள்.

மீனாட்சியம்மா வந்து கட்டிலோரமாக நின்றார். வசந்தா பட்டையை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தேன். இடது பக்கப் புண்ணின் மேல் கட்டு இருந்தது. மீதி எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தது. இடுப்பிலிருந்து இடுப்பு வரை ஓடிய நீளத் தையல், புதிதாக உட்கார்ந்திருந்த தொப்புள், மடிப்பே இல்லாமல் தட்டையாகக் கிடந்த வயிறு. மீனாட்சியம்மாவின் கண் எல்லாவற்றின் மேலும் ஒரு தரம் போய் வந்தது. அவர் நான்கு பிள்ளைகளின் பிரசவத்துக்குப் பிறகும் அந்த வயிற்றைப் பார்த்தவர். நானும் அவளும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் எதையும் கேட்கவில்லை.

வசந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “நான் பாக்க மாட்டேன் அத்தை. கட்டு இல்லாத பக்கம் தொடுங்க” என்றாள்.

மீனாட்சியம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் வலது கையை நீட்டினார். அது ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு தொப்புளுக்குக் கீழே, வலது பக்கத்தில், மெதுவாக இறங்கியது. முதலில் விரல்கள், பிறகு உள்ளங்கை முழுவதும் படிந்தது.

வசந்தா கண்ணை மூடியபடி காத்திருந்தாள்.

“தொடுங்க அத்தை, பயப்படாதீங்க” என்றாள்.

மீனாட்சியம்மா கையை எடுக்கவில்லை. கண்ணீர் தாடைவரை வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

“அப்ப புள்ளைக்கு வலிக்கல மிஸ்ஸி” என்றார்.